கையைக் கழற்றிப் போடும் சட்டை

ஜூன் 4

மகளிர் மாத இதழில் பேட்டி கொடுத்திருக்கும் கைவேலைக் கலைஞர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலம்தானே? நலமில்லாமல் என்ன, முழுப் பக்க வண்ணப் படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கிறீர்களே.

எங்கே பார்த்தேன் என்று கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். தண்ணீர் வாரியத்தில், புகார் கவுன்ட்டரில், என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தெருக்குழாய் உடைந்து வாசலெல்லாம் குளமாகிக் கிடக்கிறது என்று ஒரு அம்மா வந்திருந்தார். கோபத்தில் கையிலிருந்த பத்திரிகையால் விசிறிக்கொண்டே பேசினார். அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தில் என் அக்காவின் முகம் இடமும் வலமும் ஆடியது. "அந்தப் புக்கை ஒரு நிமிஷம் குடுங்கம்மா" என்று வாங்கியவள்தான், அவர் புகாரை இன்னும் எழுதவில்லை. அவர் என்னைத் திட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் திட்டையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

தாங்கள், நீங்கள் எல்லாம் இதோடு போதும். எனக்கு மூச்சு வாங்குகிறது.

அக்கா, நீலக் கட்டம் போட்ட கவுன் நான் தைத்தது. வெள்ளைச் சட்டையும் அதன் காலரும் நான் தைத்தவை. மஞ்சள் மழைக்கோட்டு நான் தைத்தது. "உடைந்த குடைத் துணியை வீணாக்க மனம் வரவில்லை, ஒரு மழை நாளில் எனக்கு இந்த யோசனை தோன்றியது" என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாய். தோன்றியது எனக்கு. குடை என்னுடையது. அதைப் பஸ் கதவில் மாட்டி உடைத்தவளும் நான்தான். உன் மகளின் பொம்மைக்கு வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்காமல், தலை குளிக்காமல் உட்கார்ந்து தைத்து அனுப்பினேன். அளவுக் காகிதங்களையும் கூடவே வைத்து அனுப்பினேன், பிள்ளை பின்னால் வெட்டிப் பழகட்டும் என்று. அதையும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டாய், வாசகிகள் வெட்டி எடுத்துத் தைப்பதற்கு வசதியாக.

படத்தில் நீ பிடித்திருக்கும் ஊசியில் நூலே இல்லை. உன் பின்னால் இருக்கும் தையல் மெஷினின் உறையைக்கூட யாரும் கழற்றவில்லை. பொய் சொல்வதென்றால் கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசி வரி இருக்கிறதே, "என் தங்கைக்கும் நான்தான் தையல் சொல்லிக்கொடுத்தேன்" என்று. அந்த வரியை எப்படிச் சொன்னாய்? வாய் கூசவில்லையா?

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் உருகிவிடுவேன், கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். சின்ன வயதிலிருந்து நடப்பது அதுதான். எழுத்தில் அழுதால் எனக்குக் கேட்காது. அதனால் எழுது.

உன் புகார்தாரர்


ஜூன் 11

என் செல்லக் கோபக்காரிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு அது ஒன்றுதான். நீ சொன்னபடி போன் செய்யவில்லை. செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு முதுகுவலி, அதையே ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். உன் செல்ல மகளுக்கு (பெற்றது நான், செல்லம் உனக்குத்தான்) முன்பல் ஆடுகிறது, அதைத் தொட்டுத் தொட்டே விரல் எல்லாம் எச்சில். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். ஒட்டடை உட்பட.

பத்திரிகை விஷயம் ஏதோ நடந்துவிட்டது. என் நாத்தனாரின் சிநேகிதி அங்கே வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தவள் அலமாரியில் இருந்த பொம்மையைப் பார்த்தாள், படம் எடுத்தாள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. நான் சொன்னது பாதி, அவள் எழுதியது பாதி. இதற்குப் போய் இவ்வளவு கோபமா? ஊர் உலகத்தில் அக்கா தங்கைகள் சொத்துக்குச் சண்டை போடுகிறார்கள். நீ என்னவோ நான் உன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி எழுதியிருக்கிறாய். பொம்மைச் சட்டைதானே, குட்டி. உள்ளங்கை அகலத் துணி. உன்னுடையது, என்னுடையது என்று நாம் என்றைக்குப் பார்த்திருக்கிறோம்?

நீ கோபத்தில் சாப்பிடாமல் இருப்பாய் என்று தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

என்றும் உன் அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

நன்றாகச் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசி அதிகம், அதுகூட உனக்குத் தெரியவில்லை.

பொம்மைச் சட்டைதானே என்கிறாய். இரு, சொல்கிறேன்.

உனக்கு ஒரு சட்டை தைத்தால் அரை விரல் கடை கூடலாம், குறையலாம். மூச்சை இழுத்துக்கொள்வாய், சரியாகிவிடும். பொம்மை மூச்சை இழுக்குமா? நூலிழை பிசகினால் அது தெரியும். தையலுக்கு விட்ட துணியே சட்டையைவிடக் கனமாகிவிடும், அதனால் உள்பக்கத்தை நறுக்கி நறுக்கி மெலிதாக்க வேண்டும். அதிகம் நறுக்கினால் பிரிந்துவிடும். கை வைத்த சட்டை என்றால், அந்தச் சின்னக் கைக்குள் விரல் போகாது, மெஷின் ஊசியும் போகாது. பென்சிலைச் செருகி வைத்துக்கொண்டு கையால் தைக்க வேண்டும். வெள்ளைச் சட்டையின் காலரைத் திருப்பும்போது அதன் முனை வெளியே வரவே இல்லை. குண்டூசியால் நோண்டி நோண்டி எடுத்தேன். காலரும் கிழிந்தது, என் விரலும் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து. படத்தில் அந்தக் காலரைத்தான் நீ ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நிற்கிறாய்.

நாள் முழுக்க நான் கேட்பதெல்லாம் குழாய் உடைந்தது, தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது. எதையும் நான் சரி செய்வதில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்தால், ஒரு பொருளை ஆரம்பித்து முடிக்கிறேன். அதை மாட்டினால் அழகாக இருக்கிறது. எனக்கு இருப்பது அந்த ஒன்றுதான். உனக்கு அது பொம்மைச் சட்டைதான்.

உன்னுடையது, என்னுடையது என்று நாம் பார்த்ததில்லையாம். உன்னுடையதை நீ பார்த்துத்தான் வைத்திருந்தாய். உன் பேனாவை நான் தொட்டதற்கு அம்மாவிடம் அடி வாங்கிக் கொடுத்தவள் நீ.

சரி. சட்டைகளை நீயே வைத்துக்கொள். கவுன், காலர், குடைத்துணி எல்லாம் உன் யோசனை என்றே ஊர் நம்பட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடு. "தங்கைக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று அதே பத்திரிகையில் நீ எழுத வேண்டும். மூலையில், சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும். அது வரும்வரை உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே.

உன் கூடப் பிறந்தவள்


ஜூலை 9

என் அன்புக் குட்டிக்கு,

நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

பத்திரிகைக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறதாம், பாராட்டு இல்லை. அந்த அளவுக் காகிதத்தைப் பார்த்துத் தைத்த யாருக்குமே சட்டை பொம்மைக்குள் போகவில்லையாம். ஒருத்தி கவுனைத் தலைவழியாக இழுத்திருக்கிறாள், அது கழுத்தில் மாட்டிக்கொண்டது, அவள் பிள்ளை பொம்மைக்கு மூச்சு முட்டுகிறது என்று தெருவே கூடும்படி அழுதிருக்கிறது. இன்னொருத்தி பொம்மையின் கையை ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்திருக்கிறாள். புதுப் பொம்மையாம். அறுத்த கையையும் உறையில் போட்டு ஆசிரியருக்கே அனுப்பிவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, குட்டி. நம் மொட்டைக்கு அதே சட்டை கச்சிதமாகத்தானே இருக்கிறது? (அவளுக்கு இன்னும் ஒரு முடிகூட முளைக்கவில்லை. நீ விளையாடிய பொம்மையை நீ கொடுத்ததிலிருந்து உன் செல்ல மகள் அவளை மொட்டை என்றுதான் கூப்பிடுகிறாள்.) எப்படிப் போட வேண்டும் என்று பத்திரிகைக்காரி கேட்டபோது, சாதாரணமாகப் போடுவது போலத்தான் என்று சொல்லித் தொலைத்தேன். நான் போட்டுப் பார்த்ததே இல்லை. பிள்ளைதான் போடுவாள், கழற்றுவாள்.

இப்போது ஆசிரியரம்மா, நீங்களே நேரில் வந்து வாசகிகள் முன்னால் தைத்து, போட்டுக் காட்டிவிடுங்கள் என்கிறார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு. வாடகை மண்டபம், ஒலிபெருக்கி, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அத்தையும் நாத்தனாரும் முன் வரிசையில் உட்காரப் போகிறார்கள்.

ஒரே ஒரு உதவி செய். சட்டையை முக்கால்வாசி தைத்து அனுப்பிவிடு. கடைசித் தையல் நாலைந்தை மட்டும் நான் மேடையில் போடுகிறேன். நான் தைப்பதுபோல் இருக்கும், உன் மானமும் என் மானமும் தப்பிக்கும். இந்த ஒரு தடவை. என்மேல் இருக்கும் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

பதில் எழுதமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் ரொட்டிக் கத்தியைப் படித்துவிட்டுக் கவுன்ட்டரிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே நின்றவருக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லையாம், அதற்குத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து மேலதிகாரியிடம் போய்விட்டார். விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்தச் சட்டை ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

மொட்டைக்கு இரண்டு கையும் கழலும். தோளில் ஒரு குமிழ் இருக்கிறது, திருகி இழுத்தால் டப்பென்று வந்துவிடும். கையைக் கழற்ற வேண்டும், சட்டையைக் கால்வழியாக மேலே ஏற்ற வேண்டும், சட்டைக் கைவழியாகப் பொம்மையின் கையை நுழைத்து மறுபடி குமிழில் மாட்ட வேண்டும். என் சட்டைகள் எல்லாமே அப்படிப் போடுவதற்குத் தைத்தவை. அதனால்தான் எதற்கும் பின்பக்கத்தில் திறப்பு கிடையாது. உலகத்தில் மற்ற பொம்மைகளுக்குப் பின்பக்கம் முழுக்கத் திறந்து பட்டன் வைப்பார்கள், ஏனென்றால் பொம்மை கையை மடக்காது, தலையும் பெரிது. இது எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் மொட்டைக்குப் பழகியபடியேதான் தைக்கிறேன்.

ஏன் தெரியாது என்று யோசித்துப் பார்த்தாயா?

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம். உனக்குப் பரீட்சை என்று உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்பா வேலையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் மொட்டையும்தான். பக்கத்து வீட்டம்மா ஜன்னல்வழியாக எட்டிப் பார்த்து, "இருக்கியா?" என்பார். இருக்கேன் என்பேன். அவ்வளவுதான் பேச்சு. சட்டை என்பது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள அப்பாவின் நல்ல சட்டையை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்தேன். மறுபடி சேர்க்கத் தெரியவில்லை. அப்பா திட்டக்கூட இல்லை. அதை அப்படியே மடித்துப் பீரோவில் வைத்தார். அந்தத் துணியில்தான் மொட்டைக்கு முதல் சட்டை. தைத்து முடித்துவிட்டுப் போடப் பார்த்தால் போகவில்லை. அழுதுகொண்டே அவள் கையைத் திருகினேன், வந்துவிட்டது. ஓகோ, இப்படித்தான் போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறமும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், முதல் நாளே "பின்னால திறப்பு வை" என்று சொல்லியிருப்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல்தான் நான் கையைக் கழற்றினேன், அக்கா. உன் வாசகிகள் அத்தனை பேரும் எழுதிய புகாருக்கு ஒரே பதில் அதுதான். நான் தனியாக இருந்தேன். அந்த வருஷத்தில் நீ வந்து உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறாய்.

முக்கால் சட்டையும் வராது, கால் சட்டையும் வராது. நீ ஏறிய மேடை, நீயே இறங்கு.

தங்கை


ஜூலை 20

குட்டி,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு அதற்கு எனக்கு முகம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் கேட்பதற்காக இல்லை.

அன்றைக்கு ஹாலில் எல்லோரும் இருந்தோம். நாத்தனாரின் சிநேகிதி பொம்மையைக் கையில் எடுத்து யார் தைத்தது என்று கேட்டாள். "கடையில வாங்கினதா இருக்கும், இந்த வீட்டுல யாருக்குக் கைவேல தெரியும்?" என்றார் அத்தை. அத்தான் சோபாவிலிருந்து, "இவளா? இவ பட்டன் தச்சா சட்டையில நிக்காது, தரையிலதான் கெடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, குட்டி. சிரித்தார்கள், அவ்வளவுதான். நானும் எப்போதும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சமையல் சரியில்லை என்றால், கணக்குத் தப்பினால், வழி தவறினால், எதற்கும் முதலில் சிரிப்பவள் நான்தான். அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நான்தான் தச்சேன்" என்றேன்.

 அத்தான் எழுந்து வந்து அந்தக் காலரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அந்த நேரத்தில் உன் செல்ல மகள் வந்து, "இது சித்தி தச்சதும்மா" என்றாள். எல்லோர் முன்னாலும்.  "சித்திக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அந்த வரி அப்படித்தான் வந்தது. பத்திரிகைக்காரி அதையும் எழுதிக்கொண்டாள்.  பிள்ளை மொட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அதை என்னைத் தொட விடுவதில்லை.

நீ ஆஸ்பத்திரி வருஷத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் நம் சித்தி வீட்டில் உட்கார்ந்து, குட்டி வீட்டில் ஜாலியாக விளையாடிக்கொண்டிருப்பாள், நான் மட்டும் படித்துச் சாகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் ஞாயிறுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா


ஜூலை 23

அக்கா,

காய்ச்சலாவது மண்ணாவது. பேசாமல் இரு.

உன் கடிதத்தைப் படித்ததும் என் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாயா? இரண்டு மடங்காகிவிட்டது. இத்தனை வருஷமாக அந்த ஹாலில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தே நீ சிரித்துக்கொண்டிருந்தாயா? ஒரு வரி எனக்கு எழுதினாயா? எல்லோரும் நலம், அத்தானுக்கு முதுகுவலி, அத்தைக்குக் கண் என்று ஊரிலுள்ள உறுப்பையெல்லாம் எழுதினாயே, உனக்கு என்ன என்று எழுதினாயா? இப்படி இப்படி, என்னைக் கேலி செய்கிறார்கள், உன் சட்டையை என்னுடையது என்று சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தால், மூட்டையாகத் தைத்து அனுப்பியிருப்பேனே, முட்டாளே.

தைப்பதுபோல் நடிக்க நான் உதவமாட்டேன். தைக்க உதவுவேன். துணி, கத்தரி, ஊசி எடுத்துக்கொண்டு அந்தக் குளியலறைக்குள்ளேயே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

பிள்ளை தூங்கியதும் மொட்டையை எடுத்துவந்து காகிதத்தின்மேல் மல்லாக்கக் கிடத்து. கையை விரித்து வை. சுற்றிலும் ஒரு விரல் அகலம் தள்ளிக் கோடு போடு. இடுப்பில் கோட்டை உள்ளே வளைக்காதே, ஆசைப்பட்டு வளைத்தால் போகாது. முன்பக்கம் ஒரே துண்டு. பின்பக்கம் இரண்டு துண்டு, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அகலமாக வெட்டு. முதலில் தோள், அப்புறம் கழுத்து விளிம்பு, அப்புறம் பக்கங்கள். பக்கங்களை முதலில் தைத்துவிட்டால் கழுத்தைத் தைக்க முடியாமல் திண்டாடுவாய், நான் திண்டாடியிருக்கிறேன். அக்குள் வளைவில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டு விடு, தையலை மட்டும் வெட்டிவிடாதே. பின்னால் மூன்று டிக் பட்டன். நூல் முடிச்சு உள்பக்கம்.

முதல் சட்டை கேவலமாக வரும். இரண்டாவதும் வரும். அதற்காக ஊசியைத் தூக்கிப் போடாதே.

மேடையில் என்ன சொல்வது என்று நான் எழுதித் தரமாட்டேன். அதை நீயே தைத்துக்கொள்.

தங்கை


ஆகஸ்ட் 6

என் குட்டிக்கு,

முடிந்தது.

மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லோரும் மடியில் ஒரு பொம்மையோடு உட்கார்ந்திருந்தார்கள், தடுப்பூசி போட வந்தவர்கள் மாதிரி. கையை அறுத்தவளும் வந்திருந்தாள். உன் செல்ல மகள் என்னோடு மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லி, மொட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊசியில் நூல் கோக்கவே எனக்கு ரொம்ப நேரம் ஆனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரம்மா ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டினார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

"பத்திரிகையில வந்த சட்டைங்க எதையும் நான் தைக்கல. என் தங்கச்சி தச்சா. அவளுக்கு நான் சொல்லித் தரல. யாருமே சொல்லித் தரல. அவ தச்சுப் பழகுனப்போ கூட இருக்க வேண்டியவ நான், நான் இல்ல. அதனாலதான் அந்தச் சட்டை உங்க பொம்மைக்குப் போகல."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று நினைக்கிறேன். ஆசிரியரம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்போது உன் செல்ல மகள் எழுந்து தானாகவே மேடைக்கு வந்தாள். மொட்டையை மேஜையில் வைத்தாள். டப், டப் என்று இரண்டு கையையும் கழற்றிக் காட்டிவிட்டு, "எங்க சித்தி இப்படித்தான் போடுவாங்க" என்றாள். மண்டபமே சிரித்தது. இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்கப்புறம் தைத்தேன். நீ சொன்ன வரிசைப்படி, தோள், கழுத்து, பக்கம். பிள்ளை மொட்டைக்குக் கைகளை மறுபடி மாட்டித் தந்தாள். போட்டுக் காட்டியபோது போனது, குட்டி. பின்னால் திறந்து, கையை ஒவ்வொன்றாக நுழைத்து, மூன்று பட்டனையும் போட்டேன். ஒரு பட்டன்கூடத் தரையில் விழவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்ததும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.  நாத்தனாருக்கு என்மேல் கோபம், அவள் சிநேகிதிக்கு வேலையில் கெட்ட பெயராம். அத்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பட்டன் இல்லாத சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். சமாதானமாம். "ஊசி அந்த டப்பாவுல இருக்கு, நூலும் இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அவர் தைத்தார். கோணலாகத்தான் தைத்தார். யாரும் சிரிக்கவில்லை, நான் சிரிக்க விடவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் வருகிறது. மூலையில் இல்லை, பாதிப் பக்கம்.

இதோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். மொட்டையேதான். நான் மேடையில் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு வருகிறாள். சித்தி பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று பிள்ளையின் கண்டிஷன். இப்போது பொம்மையை நான் தொட்டால் பிடுங்குவதில்லை.

உன்
அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மொட்டை பத்திரமாக வந்து சேர்ந்தாள். பார்சலைக் கவுன்ட்டரிலேயே பிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருக்குழாய் அம்மாவும் இருந்தார். அவர் வாசலில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அவர் புகாரை இன்றைக்கு முதல் வேலையாகப் பதிந்துவிட்டேன், நானே எழுந்து போய் நின்று மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

நீ தைத்த கவுனைப் பார்த்தேன். அக்கா, இது என்ன தையல்? ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை, நடுவில் ஓர் இடத்தில் தையலே இல்லை. கழுத்து விளிம்பு கோணிக்கொண்டு போகிறது. முடிச்சு உள்பக்கம் என்று அத்தனை தெளிவாக எழுதியும் மூன்றில் இரண்டு வெளியே தொங்குகின்றன. கீழ் மடிப்பு ஒரு பக்கம் முழங்காலில், மறுபக்கம் கணுக்காலில். பட்டனை மட்டும் எதற்கு இத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறாய்? பிரளயம் வந்தால்கூட அது பிய்யாது.

ஆனால் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டேன். பின்னால் திறந்தேன், ஒரு கை, அப்புறம் மறு கை, பட்டன். இவளுக்கு நான் முதல் சட்டை தைத்த நாளிலிருந்து, கையைக் கழற்றாமல் சட்டை போட்டது இதுதான் முதல் தடவை. கவுன்ட்டரை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன். நீ இப்போது போன் செய்யலாம். அழுதாலும் பரவாயில்லை.

கவுனில் ஒரு தையலையும் நான் பிரிக்கவில்லை, திருத்தவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். அலமாரியில் அந்தக் கவுனோடேயே வை. யாராவது பார்த்துவிட்டு யார் தைத்தது என்று கேட்டால், நீதான் தைத்தாய் என்று தயவுசெய்து சத்தமாகச் சொல்லு. என் பெயர் மட்டும் எங்கேயும் வந்துவிடக்கூடாது.

உனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த
உன் தங்கை